துண்டு பிடிக்கிற ஆள்

ஜனவரி 7, ஞாயிறு

உப்புக் கம்பெனியில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். போன வருஷத்து டைரியில் ஜனவரி மூன்றாம் தேதி வரை எழுதியிருக்கிறேன். நாலாம் தேதியிலிருந்து என் மகள் சுபிதா மயில் வரைந்திருக்கிறாள். இந்த வருஷம் விடக் கூடாது. பத்தாம் வகுப்பில் தமிழில் எழுபத்தெட்டு வாங்கியவன் நான். மற்ற பாடங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

காலையில் குளிகரைக்குப் போனோம். எங்கள் ஊர்க்காரனுக்குக் குளிகரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுபிதாவின் பிள்ளைகள் என்றைக்காவது இதைப் படிக்கலாம், அதற்குள் மாநகராட்சி அங்கே பூங்கா கட்டியிருக்கலாம். அதனால் எழுதி வைக்கிறேன்.

மணலிலிருந்து கடலுக்குள் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு மதில் போகும். வடக்கே ஆண்கள், தெற்கே பெண்கள். மதில் தொடங்குகிற இடத்தில் ஒரு வெண்சங்கைப் பதித்திருக்கிறார்கள். தலை சங்குக்குக் கீழே இருக்கிற பிள்ளை அப்பாவோடும் குளிக்கலாம், அம்மாவோடும் குளிக்கலாம். சங்கைத் தாண்டினால் அவரவர் பக்கம்.

அடுத்தது துண்டு. கடலில் இறங்குகிறவர் தன் காய்ந்த துண்டைக் கரையில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதைப் பிடித்திருப்பவர் மணலில் வைக்கக் கூடாது. குளிக்கிறவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவர் கரையேறித் துண்டை வாங்குகிறவரை இடத்தை விட்டு நகரக் கூடாது. எந்தக் காலத்திலோ யாரோ முழுகிப் போனது கரையில் ஒருவருக்கும் தெரியாமல் போய், அதற்கப்புறம் வந்த ஏற்பாடு. பெண் பார்க்க வந்தால்கூட எங்கள் ஊரில், “மாப்பிள்ளைக்குத் துண்டு பிடிக்க யாரு இருக்கா?” என்றுதான் விசாரிப்பார்கள்.

சுபிதாவின் துண்டை எட்டு வருஷமாக நான் பிடிக்கிறேன். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது என் மனைவி ஜெயக்கொடி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவாள். அதில் பாதி நாள் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

இன்று மதில் காவல் செல்லையா அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். “ஏ தங்கப்பழம், பிள்ளை சங்கைத் தாண்டிட்டா.”

“முடிதான் அண்ணாச்சி. எண்ணெய் தேய்க்கல, தூக்கிட்டு நிக்கி.”

“போன மாசமும் முடின்னுதான சொன்னீரு? எண்ணெய் வாங்க வசதியில்லையா வே?”

சுபிதா முழங்காலை லேசாக மடக்கிக் காட்டினாள். ஒரு வருஷமாக நான் சொல்லிக் கொடுத்த வித்தை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தார்.

ஜனவரி 12, வெள்ளி

ஜெயக்கொடி வந்துவிட்டாள். நாற்பத்தைந்து நாள் லீவு. நானும் சுபிதாவும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தோம். சுபிதா முதலில் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா வந்த சந்தோஷம் அவளுக்கு இருக்கும் என்று எனக்குச் சந்தோஷம்.

திருநெல்வேலி தாண்டுவதற்குள் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் எந்த மடி கிடைத்தாலும் தூக்கம் வரும்.

ஜனவரி 13, சனி

பெட்டியிலிருந்து நீலத்தில் ஒரு துண்டு வந்தது. துண்டா, ஜமுக்காளமா? தண்ணீரில் போட்டால் பாதிக் கடலைக் குடித்துவிடும். சுபிதா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். எட்டு வருஷமாக அவளுக்கு நான் பிடித்த ஈரிழைத் துண்டு கொடியில் கிடந்தது. ஈரிழைக்கு என்ன குறை? சீக்கிரம் காயும்.

ஜனவரி 14, ஞாயிறு

தவணை முடிந்தது. செல்லையா அண்ணாச்சி கேட்பதற்கு முன்னாலேயே சுபிதா சங்குக்குப் பக்கத்தில் போய் நேராக நின்றாள். முழங்காலை மடக்கவில்லை. தலை நாலு விரல்கடை உயர்ந்து நின்றது.

“எப்பா, நான் அம்மா பக்கம் போறேன்.”

“போ தாயி. பாத்துப் போ.”

இரண்டு பேரும் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் துண்டை இனி அங்கே யாராவது ஒரு பெண் பிடிப்பாள். நான் இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றும் இல்லை. என் துண்டை எப்போதும் சுபிதா பிடிப்பாள், நான் இரண்டு முழுக்குப் போட்டுவிட்டு வருவேன். இன்று குளிக்கவில்லை. சளி பிடிக்கிற மாதிரி இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. நூறு பெண்கள் சத்தத்துக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும். எதற்குச் சிரித்தாள் என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “சும்மாப்பா” என்றாள். சும்மா சிரிக்கிற பிள்ளையை நான் வளர்க்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்கு நான் தேங்காய்ப்பால் சொதிக் குழம்பு வைப்பது வழக்கம். இந்தத் தெருவில் என் சொதிக்குப் பெயர் உண்டு. இந்தத் தடவை ஜெயக்கொடி வைத்தாள். சுபிதா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் வைத்தால் இரண்டு தடவை. தேங்காய் நல்ல தேங்காயாக அமைந்துவிட்டது.

ஜனவரி 18, வியாழன்

கம்பெனியில் நான் வேலை பார்க்கிற எடைமேடையில் இன்று முழுக்க உப்பு லாரி. மதியம் ஒரு போன் வந்தது. ராங் நம்பர்.

ஜனவரி 19, வெள்ளி

எனக்குச் சடை பின்னத் தெரியும். கயிறு திரிக்கிறவர்கள் கடை வாசலில் நின்று பார்த்துப் பழகியது. எட்டு வருஷத்தில் ஒருநாள்கூடச் சுபிதாவின் சடை பள்ளிக்கூடத்தில் அவிழ்ந்தது கிடையாது. லாரியைக் கட்டி இழுக்கலாம்.

இன்று காலை ஜெயக்கொடி பின்னிவிட்டாள். தலையோடு ஒட்டி, மீன் முள் மாதிரி ஒரு பின்னல். சுபிதா கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நின்றாள். பஸ்ஸை விட்டுவிட்டாள். நான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அந்தப் பின்னலைப் பற்றித்தான் பேச்சு. “உங்க பின்னல் நல்லா இருக்கும்ப்பா, ஆனா தலை வலிக்கும்” என்றாள்.

எட்டு வருஷமாகச் சொல்லவே இல்லையே.

ஜனவரி 22, திங்கள்

வியாழக்கிழமை வந்த ராங் நம்பர் மறுபடியும் வந்தது. ஜெயக்கொடி இருக்காங்களா என்று கேட்கிற ராங் நம்பர். மேடையில் லாரி ஏறியிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லாரி உண்மையிலேயே ஏறியிருந்தது.

ஜனவரி 24, புதன்

இன்று மூன்றாவது தடவை வந்தது. இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்துதான் அந்தப் போன். ஜெயக்கொடி மஸ்கட்டில் இருக்கும்போதே நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். தொடர்புக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். முப்பதாம் தேதிக்குள் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்கிறார்கள்.

என்னிடம் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

நல்ல செய்திதான். சொல்ல வேண்டும். இன்று வீட்டுக்குப் போனபோது இரண்டு பேரும் கட்டிலில் படுத்துக்கொண்டு மஸ்கட் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வெளியே வந்து சைக்கிளைத் துடைத்தேன். நேற்றும் துடைத்தேன். இந்தத் தெருவிலேயே சுத்தமான சைக்கிள் என்னுடையதுதான்.

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தின விழாவுக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தோம். மதிப்பெண் அட்டை கொடுத்தார்கள். சுபிதா அதை நேராக அம்மாவிடம் நீட்டினாள். ஜெயக்கொடி “ஜெ”வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து அழகாகக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கட்டத்தில் எட்டு வருஷமாக என் கையெழுத்து. முதல் வருஷம் “தங்கப்பழம்” என்று முழுசாக எழுதி, கட்டத்துக்கு வெளியே “பழம்” போய், பிள்ளையைக் கேலி செய்தார்கள். அப்புறம் சுருக்கிக்கொண்டேன். இப்போது மொத்தமாகச் சுருக்கிவிட்டார்கள்.

கணக்கு டீச்சர், “அம்மா வந்ததும் பிள்ளை முகமே தெளிஞ்சிருக்கு” என்றார்கள். அதற்கு முன்னால் கலங்கியா கிடந்தது?

ஜனவரி 28, ஞாயிறு

குளிகரை. நான் கரையில். இன்றைக்கும் சளி பிடிக்கிற மாதிரி இருந்தது.

வெறுங்கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எடைமேடையில் என்னோடு வேலை பார்க்கிற பிச்சைமணி தன் துண்டை நீட்டினான். “அண்ணாச்சி, சும்மாதான இருக்கிய, கொஞ்சம் பிடிங்க.” ஒரு மணி நேரம் குளித்தான். எருமை மாதிரி கிடந்தான். அவன் மேலிருந்து கண்ணை எடுக்க முடியாது. மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும்போது திரும்பக்கூட முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்த விஷயம்: ஜெயக்கொடிக்கு நீச்சல் தெரியுமாம். மஸ்கட் குவார்ட்டர்ஸில் குளம் மாதிரிக் கட்டி வைத்திருக்கிறார்களாம், அதில் பழகியதாம். சுபிதாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். எனக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்துக்காரனுக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதால் இதுவரை யாரும் கேட்டதில்லை. என் சட்டம் ஒன்றுதான், இடுப்புக்கு மேலே தண்ணீர் கிடையாது. எட்டு வருஷம் பிள்ளை அதை மீறியதில்லை.

“அம்மா கையக் கீழ வச்சிக்கிட்டு என்னையப் படுக்கச் சொன்னாப்பா. அப்புறம் கைய எடுத்துட்டா. எனக்குத் தெரியவே இல்ல” என்றாள்.

நான் கையை எடுத்ததே இல்லை.

ஜனவரி 30, செவ்வாய்

லாரி அதிகம். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 31, புதன்

நேற்றோடு தேதி முடிந்துவிட்டது. இனிமேல் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பிரயோஜனம் இல்லாததைச் சொல்லி யார் மனதையும் கஷ்டப்படுத்தக் கூடாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுத மாட்டேன்.

பிப்ரவரி 5, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். ஊரே பேசுகிறது, என் பக்கத்து நியாயம் ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

நேற்றுக் காலை வழக்கம்போல வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். மதில் முடிகிற முனைக்கு அப்பால், ஆழத்தில், இரண்டு தலை தெரிந்தது. ஒன்று ஜெயக்கொடி. இன்னொன்று என் பிள்ளை. அந்த இடத்துக்கு நான் பிறந்ததிலிருந்து போனதில்லை. சுபிதா கையைத் தூக்கினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. தலை முங்கி எழுந்தது.

எழுந்து ஓடினேன். வேட்டி சட்டையோடு இறங்கினேன். இடுப்பு, நெஞ்சு, கழுத்து. மதிலைப் பிடித்துக்கொண்டே போனேன். முனையில் சிப்பி ஒட்டிய கல்லில் வேட்டி மாட்டிக்கொண்டது. நல்ல வேளை, உள்ளே அரைக்கால் டவுசர். வேட்டியைக் கடலுக்குத் தானம் செய்துவிட்டுத் திரும்பினால் காலுக்குக் கீழே தரை இல்லை. நாலு மடக்கு குடித்தேன். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள். கால் தரையில் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் சுற்றி அத்தனையும் பெண்கள்.

காலரைப் பிடித்திருந்தது ஜெயக்கொடி.

“எப்பா, எதுக்கு வந்தீங்க?” சுபிதா பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தாள். மிதந்துகொண்டு.

“நீ கையத் தூக்கினியே.”

“உங்களுக்கு டாட்டா காட்டுனேன்.”

செல்லையா அண்ணாச்சியின் விசில் அப்போது ஆரம்பித்தது. மதில் தாண்டிய ஆணுக்குக் குளிகரையில் ஒரே தண்டனைதான். கரைக்கு மேலே இருக்கிற நல்லதண்ணிக் கிணற்றில் பெண்களுக்கு நாற்பது வாளி இறைத்து ஊற்ற வேண்டும். கடைசியாக இறைத்தது பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புது மாப்பிள்ளை. அவன் பெண்டாட்டியைப் பார்க்கப் போனான். அதில் ஒரு மரியாதை இருந்தது.

யாரோ ஒரு சேலையைக் கொடுத்தார்கள், இடுப்பில் சுற்றிக்கொண்டேன். மஞ்சள் பூப்போட்டது. பெண்கள் வரிசை தெரு முனை வரைக்கும் நின்றது.

“அண்ணே, சோப்பு போட்டுருக்கேன், இன்னொரு வாளி.”

“சேலை எடுப்பா இருக்கு மச்சான். ஜாக்கெட்டுத் துணி வேணுமா?”

“மெதுவா ஊத்துங்க கொழுந்தனாரே, லாரிக்குத் தண்ணி அடிக்க மாதிரி அடிக்கிய.”

நானும் பதிலுக்குப் பேசினேன். எனக்கு வாய் உண்டு. இருபது வாளிவரைக்கும் வாய் இருந்தது, அப்புறம் தோள் வலி மட்டும்தான் இருந்தது.

முப்பத்தெட்டாவது வாளிக்கு முத்துக்கனி வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறவள். அவளுக்குப் பின்னால் ஜெயக்கொடியும் சுபிதாவும்.

“யக்கா, உங்க பேரு எங்க ஆபீஸ் லிஸ்ட்ல இருந்துச்சே” என்றாள் முத்துக்கனி, திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்து. “மூணு தடவ போன் போட்டாவளாம். ஏன் வரல? திரும்பவும் வெளிநாட்டுக்கே போறியளா?”

வாளி என் கையிலிருந்து நழுவிக் கிணற்றில் விழுந்தது. கயிறு பழசு.

ஜெயக்கொடி சொன்னது இவ்வளவுதான்: “கனி, கொஞ்சம் தள்ளி நில்லு. அவுகளுக்குத் தோளு வலிக்கும்.” அப்புறம் பாதாளக்கரண்டியை வாங்கிக் கிணற்றில் விட்டுத் துழாவி அவளே வாளியை எடுத்தாள். மீதி இரண்டு வாளியையும் அவளே இறைத்தாள். செல்லையா அண்ணாச்சி பார்க்காத மாதிரி இருந்தார்.

முத்துக்கனி சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். கிணற்றடியில் ஒரே கூச்சல்.

பயத்தில்தான் ஓடினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

தோள் வலி. ஜெயக்கொடி தைலம் தேய்த்துவிட்டாள். நர்ஸ் கை. ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

சுபிதா பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு ஜெயக்கொடி பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். இருபத்தேழாம் தேதி டிக்கெட். இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்போதே பெட்டியை எடுக்கிறாள். நான் எதிர்பார்த்தது இதுதானே, போனால் பழையபடி ஆகிவிடும். சொதி, சடை, துண்டு எல்லாம்.

பார்த்துக்கொண்டே நின்றேன். காப்பி ஆறிவிட்டது.

பிப்ரவரி 10, சனி

இந்த டைரியைப் பின்னாலிருந்து முன்னால் படித்தேன். ஜனவரி 18ஆம் தேதியில் “ராங் நம்பர்” என்று எழுதியிருக்கிறது. யார் படிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே எழுதுகிற டைரி. இதிலும் பொய். தமிழில் எழுபத்தெட்டு வாங்கி என்ன செய்ய.

சுபிதா கட்டிலில் அம்மாவின் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் சாப்பிடவில்லை. “என் சடையை இனிமே நீங்கதான பின்னணும்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆமாமைச் சொல்ல ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன். சொல்லும்போது வாய் கசந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

எடைமேடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆபீஸ் அறை வாசலில் காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு வயதான அம்மா கம்ப்யூட்டரில் பார்த்தார்.

“ஆள் எடுத்தாச்சுங்க. போன் போட்டோமே. ஏதோ லாரி ஏறியிருக்குன்னு வச்சிட்டாங்க.”

“அந்த லாரிக்காரன் நான்தான் மேடம்.”

கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஜூன்ல புது வார்டு திறக்கோம். அப்ப மறுபடியும் எடுப்போம். பேரு லிஸ்ட்லதான் இருக்கு. இதே நம்பருக்குக் கூப்பிடலாமா?”

“வேண்டாம் மேடம்” என்று ஜெயக்கொடியின் நம்பரைச் சொன்னேன். மஸ்கட் நம்பர், ஊர் நம்பர் இரண்டும். எழுதிக்கொண்டதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வாசல்வரைக்கும் வந்தேன். சுபிதா ஓடிவந்து, “எப்பா, அம்மா உங்க சொதி வேணும்னு சொல்லுதா” என்றாள். வைத்தேன். ஜெயக்கொடி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

குளிகரைக்கு நான் போகவில்லை. அவர்கள் போனார்கள். சைக்கிளைத் துடைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

வேலை. சனிக்கிழமை மாசி மகம்.

பிப்ரவரி 24, சனி

மாசி மகத்தன்று மட்டும் குளிகரையில் மதில் கிடையாது. மதில் இருக்கும், சட்டம் இருக்காது. அப்பா, அம்மா, பிள்ளை எல்லோரும் ஒரே பக்கம் இறங்கலாம். செல்லையா அண்ணாச்சி விசிலை வீட்டில் வைத்துவிட்டுப் புதுச்சட்டை போட்டு வருவார். என்னைப் பார்த்ததும், “இன்னைக்கு எங்க வேணும்னாலும் ஓடும் வே, கேக்க மாட்டேன்” என்றார்.

கூட்டம் தாங்கவில்லை. மதில் முனைக்குப் பக்கமாக ஓர் இடம் பிடித்தோம். சுபிதா நீலத் துண்டை என்னிடம் நீட்டினாள். நீட்டும்போது அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அதுபாட்டுக்குக் கை வந்தது. எட்டு வருஷப் பழக்கம். ஜெயக்கொடி தன் துண்டை நீட்டினாள். கொடியில் கிடந்த பழைய ஈரிழை.

இருபது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான புதிதில் ஒரு மாசி மகத்துக்குத்தான் அவள் துண்டை நான் பிடித்தது. அப்போது அவளுக்கு முழங்கால் தண்ணீரே பயம். இப்போது இரண்டு பேரும் முனையைத் தாண்டிப் போனார்கள். நான் இரண்டு தோளிலும் ஒவ்வொரு துண்டோடு, துணிக்கடை பொம்மை மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலை மேலும் ஒரே சமயத்தில் கண் வைக்க வேண்டும். அப்போதுதான் கவனித்தேன், ஜெயக்கொடி பிள்ளைக்குக் கடல் பக்கமாகவே நீந்துகிறாள். அலை முதலில் அவள் மேல்தான் விழுகிறது.

அவள் முதலில் கரையேறினாள். துண்டுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அவள் போகலாம்.

“ஒரு விஷயம்.”

“குளுருது. துண்டைக் குடுத்துட்டுச் சொல்லுங்க.”

“ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. மூணு தடவ. நான்தான் சொல்லல.”

அவள் தலையைச் சாய்த்துக் காதில் போன தண்ணீரைத் தட்டிவிட்டாள்.

“தெரியும்.”

“முத்துக்கனி சொன்னது கேட்டுச்சா?”

“அதுக்கு முன்னாடியே தெரியும். எனக்கு மெயிலும் வந்துச்சு. போன் வந்த அன்னைக்கே.”

“பொறவு ஏன் போகல?”

அவள் கடலைப் பார்த்தாள். சுபிதா மதிலைத் தொட்டுத் தொட்டு நீந்திக்கொண்டிருந்தாள்.

“உங்க நம்பரைக் குடுத்ததே நீங்க மொதல்ல கேக்கணும்னுதான். ஓடிவந்து சொல்லுவியன்னு நெனச்சேன். மொத நா சொல்லல. சரி, வேல இருந்திருக்கும். மறுநாளும் சொல்லல. தெனமும் நீங்க வீட்டுக்கு வார நேரம் வாசலயே பாப்பேன். நீங்க சைக்கிளத் தொடச்சிக்கிட்டிருப்பிய. முப்பதாம் தேதியும் போச்சு. அப்ப, நான் இங்க இருக்கது உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்.”

தோளில் கிடந்த நீலத் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றேன். வாய் உள்ளவன் என்று எழுதியிருந்தேன்.

“பிள்ள உன் பக்கம் போயிட்டா” என்றேன் கடைசியில். “நீ வந்த ரெண்டு நாள்ல போயிட்டா. மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிக்கீங்க, எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேக்கு. நீ இங்கயே இருந்துட்டா எனக்கு என்ன வேலன்னு...”

“எட்டு வருசமா எனக்குப் போன்ல அந்தச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு” என்றாள். “நீங்களும் அவளும் எதுக்கோ சிரிப்பிய. என்னன்னு கேட்டா சும்மாம்மான்னு சொல்லுவா.”

கோபமாகச் சொல்லவில்லை. நாடி பிடித்து எண்ணிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் துண்டை அவள் தோளில் போட்டேன். ஈரிழை ஒரு நிமிஷத்தில் நனைந்துவிட்டது. நீலத் துண்டையும் மேலே போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதையும், அங்கே உட்கார்ந்திருந்ததையும், ஜூன் மாதத்தையும் சொன்னேன். அவள் நம்பரைக் கொடுத்ததைச் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தாள்.

“ஏன், உங்க நம்பருக்கு என்ன?”

“அது ராங் நம்பர்.”

“ஜூன்ல கூப்பிட்டா லீவு போட்டு வருவேன். ஆனா நீங்கதான் சொல்லணும். எனக்கு மெயில் வந்தாலும் பாக்க மாட்டேன். நாளைக்கே போயி உங்க நம்பரையும் எழுதிட்டு வாங்க.”

சரி என்றேன். அப்புறம் அவள் கையை நீட்டினாள்.

“என்ன?”

“உங்க துண்டு. நான் வந்ததுலேர்ந்து கரையிலயே உக்காந்திருக்கிய. இறங்குங்க. நான் பிடிக்கேன்.”

சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தலையில் கட்டியிருந்த என் துண்டை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். இடுப்புவரை போனேன். திரும்பிப் பார்த்தேன். ஜெயக்கொடி ஈரச் சேலையோடு, இரண்டு துண்டைப் போர்த்திக்கொண்டு, மூன்றாவது துண்டை மணலில் படாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். நெஞ்சுவரை போனேன். சுபிதா வந்து முதுகுக்குக் கீழே கை வைத்து, “படுங்கப்பா, நான் பிடிச்சிருக்கேன்” என்றாள். படுத்தேன். கையை எடுத்தாளா இல்லையா தெரியாது, நான் கேட்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. கூட்டம் கலைந்தது. பக்கத்தில் குளித்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறித் துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள். என் விரலெல்லாம் சுருங்கிப்போனது. செவ்வாய்க்கிழமை டிக்கெட்.

“எப்பா, உங்க உதடு நீலமாயிட்டு. போதும், வாங்க” என்றாள் சுபிதா. “அம்மா எவ்வளவு நேரம் நிப்பா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கேன் தாயி” என்றேன்.

ஜெயக்கொடி துண்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் கரையேறுகிறவரை அவள் எங்கேயும் போக முடியாது.